கிழவனை வெளியே எடுக்காதீர்கள்

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. கோலாலம்பூரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் 3 வருடமாகக் கீப்பராக வேலை செய்கிறேன். வயது 26. என் பொறுப்பில் இப்போது 23 ஹமத்ரியாஸ் பபூன் குரங்குகள். வளர்ந்த ஆண் 4, வளர்ந்த பெண் 9, மீதி குட்டிகளும் இளசுகளும். எங்கள் பெரிய ஆணுக்கு 19 வயது, ஒரு கோரைப்பல் உடைந்துவிட்டது. அவனிடம் ஆறு பெண்கள் இருந்தார்கள். போன மாதம் 9 வயது ஆண் ஒருவன் அதில் மூன்று பேரைப் பிடுங்கிக்கொண்டான். மற்ற மூன்று பெண்கள் மூன்றாவது ஆணிடம் அமைதியாக இருக்கிறார்கள், நான்காவது ஆணுக்கு யாரும் இல்லை. அந்த வாரமே மூன்று மாதக் குட்டி ஒன்று கடிபட்டுச் செத்தது. நான்தான் எடுத்துப் புதைத்தேன். மேனேஜர், "கிழட்டு ஆணைத் தனிக்கூண்டில் போடு, பெண்கள் எல்லாருக்கும் கருத்தடை ஊசி போட்டுவிடலாம்" என்கிறார். மூத்த கீப்பர், "இயற்கை, அதுபாட்டுக்கு நடக்கட்டும்" என்கிறார். ஜெர்மனியில் பபூன்கள் அதிகமாகிவிட்டன என்று 12-ஐக் கொன்றார்களாமே, இங்கேயும் ஒரு நாள் அப்படி ஆகிவிடுமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

– ஒரு கீப்பர், செலாயாங்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முதலில் அந்தக் குட்டியைப் பற்றி. அதைப் புதைத்திருக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் புதைக்கச் சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இனி எது செத்தாலும் உறைய வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மண்டையோட்டில் கோரைப்பல் இறங்கிய குழி இருந்ததா, இரண்டு பேர் இழுத்ததில் கை மூட்டு விலகியிருந்ததா, கடி விழுந்தது உயிரோடு இருந்தபோதா இல்லை செத்த பிறகா? மூன்றும் மூன்று கதை. பபூன் தாய் செத்த குட்டியைக்கூட நாள்கணக்கில் சுமந்து திரியும். அந்த உடலில் இருக்கும் காயத்தை வைத்து ஓர் ஆணைக் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துப் பார்த்தால் சந்தேகம் அந்த 9 வயதுக்காரன் மேல்தான் விழுகிறது. பெண் கைமாறும் வாரங்களில் பால்குடிக் குட்டி சாவது ஹமத்ரியாஸ் கூட்டத்தில் தெரிந்த விஷயம். பால் கொடுப்பது நின்றால் தாய் சீக்கிரம் மறுபடி பருவத்துக்கு வருவாள். அவன் கணக்குப் போட்டுச் செய்வதில்லை, ஆனால் கணக்கு அவனுக்குச் சாதகமாகத்தான் முடிகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, "அவனிடம் ஆறு பெண்கள் இருந்தார்கள்" என்பது. மேனேஜருக்கு இந்த வரியை எழுதத் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் 23 தலைகளைப் பார்க்கிறார். நீங்கள் வீடுகளைப் பார்க்கிறீர்கள்.

பபூன் என்ற சொல்லே நமக்கு ஒரு தொல்லை. தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு வந்து சிரிப்பு மூட்டுகிறவன்தான் நமக்குப் பபூன். நான் பபூனுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று முதன்முதலில் ஊரில் சொன்னபோது என் பெரியப்பா, "எந்த நாடகக் கம்பெனி?" என்று கேட்டார். இந்தப் பெயரால்தானோ என்னவோ, வருகிறவர்களும் அதைக் கோமாளியாகவே பார்க்கிறார்கள். பழைய எகிப்தியர்கள் இதே ஹமத்ரியாஸைத்தான் அறிவுக் கடவுளின் உருவமாகக் கல்லில் செதுக்கி வைத்தார்கள்.

இனி மேனேஜருக்கு வருவோம். அவர் சொல்வது முழு முட்டாள்தனம் என்று நினைக்காதீர்கள். அவர் வளர்ந்ததெல்லாம் நம் ஊர் நீள்வால் குரங்கு, மலாயில் கெரா என்கிறோமே, அதைப் பார்த்துத்தான். பத்துமலைப் படியில் பையைப் பிடுங்குகிறதே, இங்கே பினாங்கில் தண்ணீர்மலைத் தோட்டத்தில் காலையில் நான் நடக்கும்போது ரொட்டிப் பொட்டலத்தைத் தேடி வருகிறதே, அதே ஜாதி. அந்தக் கூட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். பாட்டி, மகள், பேத்தி எல்லாரும் பிறந்த கூட்டத்திலேயே இருப்பார்கள். தாயின் அந்தஸ்து மகளுக்கு வரும். ஆண்கள் பருவம் வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு கிழட்டு ஆணை எடுத்துவிட்டால் கொஞ்ச நாள் சலசலப்பு, பிறகு பெண்கள் கூட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார்கள். பபூன்களிலேயே ஆலிவ் பபூன், மஞ்சள் பபூன் கூட்டங்கள் ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

ஹமத்ரியாஸில் எல்லாம் தலைகீழ். எத்தியோப்பியா, சோமாலியா, செங்கடலைத் தாண்டி ஏமன், சவூதி என்று காய்ந்து வறண்ட மலைப்பகுதி அதன் தாயகம். ஓர் ஆண், அவனைச் சுற்றி ஒன்று முதல் ஏழெட்டுப் பெண்கள், குட்டிகள். இது ஒரு குடும்பம். சொந்தக்கார ஆண்களின் சில குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வம்சம். வம்சங்கள் சேர்ந்தால் ஒரு கூட்டம். இரவில் ஒரே பாறைச் சரிவில் பல கூட்டங்கள் வந்து படுக்கும். இங்கே பெரும்பாலும் பிறந்த இடத்தில் தங்குவது ஆண், கை மாறுவது பெண். பெண் கொஞ்சம் தூரம் போனால் ஆண் புருவத்தை உயர்த்துவான். அப்போதும் வராவிட்டால் ஓடிப்போய்ப் பிடரியைக் கடிப்பான். அவள் கத்திக்கொண்டே அவன் பின்னால் வருவாள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிடரிக் கடியைச் சண்டை என்று உங்கள் பதிவேட்டில் எழுதாதீர்கள். அதற்கென்று தனிக் கட்டம் போட்டு எண்ணுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஹான்ஸ் கும்மர் என்ற சுவிஸ் ஆய்வாளர் முதலில் சூரிக் விலங்குக் காட்சிசாலையில் இவற்றைப் பார்த்தார், பிறகு 1960-களில் எத்தியோப்பியாவில் பாறை பாறையாக அலைந்தார். அவர் செய்த ஒரு சோதனை: ஆலிவ் பபூன் பெண்களைப் பிடித்து ஹமத்ரியாஸ் கூட்டத்தில் விட்டார். பிறந்ததிலிருந்து எந்த ஆணின் பின்னாலும் போய்ப் பழக்கமில்லாத பெண்கள் அவர்கள். ஒரு மணி நேரம் போலத்தான் ஆனது. கடிபடாமலிருக்க யார் பின்னால் நடக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். ஹமத்ரியாஸ் பெண்களை ஆலிவ் கூட்டத்தில் விட்டபோது அந்தப் பழக்கம் சீக்கிரமே கரைந்துபோனது. அப்படியென்றால் பெண்ணைப் பின்தொடர வைப்பது ஆணின் வேலை. அவனை எடுத்துவிட்டால் நூல் அறுந்த மணி மாதிரி பெண்கள் சிதறுவார்கள். சிதறுகிற பெண்ணை யார் பிடிப்பது என்பதில்தான் கூண்டுக்குள் ரத்தம் வரும்.

இன்னொரு சோதனை உங்களுக்கு நேரடியாகவே உதவும். ஓர் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டு, வேறோர் ஆணைக் கொஞ்ச நேரம் பக்கத்துக் கூண்டிலிருந்து பார்க்க விட்டார்கள். பிறகு அவனையும் உள்ளே விட்டால், பலசாலியாக இருந்தாலும் அவன் அந்தப் பெண்ணை நெருங்குவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைக் கிளறுவான், வானத்தைப் பார்ப்பான். மரியாதை என்று சொல்லலாம். ஆனால் பின்னால் செய்த ஆய்வில் ஒன்று தெரிந்தது: பெண்ணுக்குத் தன் ஆண் மேல் ஒட்டுதல் இல்லை என்று அவனுக்குப் பட்டால் அந்த மரியாதை தளர்ந்துவிடும். ஆக, பறிப்பு நடக்குமா நடக்காதா என்பதில் ஆணின் பல் மட்டுமல்ல, பெண்ணின் மனசும் கணக்கில் வருகிறது. உங்கள் கிழவனிடமிருந்து ஆறு பேரும் போகவில்லை, மூன்று பேர்தான் போனார்கள். மீதி மூன்று பேர் ஏன் போகவில்லை? உடைந்த பல் எல்லாருக்கும் ஒன்றுதானே? யார் அவனுக்கு அதிகமாகப் பேன் பார்த்தார்கள், யார் இரவில் அவன் முதுகில் ஒட்டிப் படுத்தார்கள் என்று நீங்கள் எழுதி வைத்திருந்தால் இந்தப் பறிப்பு இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். பிடரிக் கடி கூடிக்கொண்டே போவதும் ஓர் அறிகுறி. பிடி தளர்கிறவன்தான் அடிக்கடி கடிக்கிறான்.

சேர்க்கக் கூடாத மாதிரி சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1925-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் குரங்குக் குன்று என்று ஒரு செயற்கைப் பாறை கட்டினார்கள். நூறடி நீளம், அறுபதடி அகலம் இருக்கும். அதில் சுமார் நூறு ஹமத்ரியாஸ் பபூன்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆண்கள் மட்டும் என்பது திட்டம். சில பெண்களும் கலந்து வந்துவிட்டார்கள். ஒன்றையொன்று முன்பின் பார்த்திராத ஆண்கள், கைவிரலில் எண்ணக்கூடிய பெண்கள், ஓடி ஒளிய ஒரு மூலை இல்லை. கொன்று குவித்தன. நிலைமையைச் சரிசெய்கிறோம் என்று 1927-ல் இன்னும் 30 பெண்களை உள்ளே விட்டார்கள். அவர்கள் யாருக்கும் சொந்தமில்லாத பெண்கள், மறுபடி இழுபறி. அங்கே செத்த 33 பெண்களில் 30 பேர் சண்டையில் செத்தவர்கள். இதைப் பதிவு செய்த சாலி சக்கர்மேன், குரங்குச் சமுதாயத்தைக் கட்டி வைத்திருப்பதே காமமும் ஆதிக்கமும்தான் என்று எழுதினார், உலகமும் கொஞ்ச காலம் நம்பியது. கும்மர் காட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பெண் சினையாக இருந்தாலும் பால் கொடுத்தாலும் குடும்பம் குலையாமல் நிற்பதைக் கண்டார். லண்டனில் எல்லாரும் பார்த்தது பபூனின் குணமில்லை, கூட்டிச் சேர்த்தவர்களின் தப்பு.

உங்கள் பூங்காவில் அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மேனேஜர் சொன்னபடி கிழவனைத் தனிக்கூண்டில் போட்டால், அவனிடம் மிச்சமிருக்கும் மூன்று பெண்களும் அன்றைக்கே உரிமையாளர் இல்லாதவர்கள் ஆவார்கள். பறிக்க ஆசைப்படுகிற ஆண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு இன்னும் ஒரு பெண்கூட இல்லை. சின்ன லண்டன்தான்.

இன்னொன்று, தோற்றுப்போன தலைவனுக்கு வேலை முடிந்துவிடவில்லை. காட்டில் பெண்களை இழந்த ஆண் பல நேரம் கூட்டத்தை விட்டுப் போவதில்லை. மெலிந்து, பிடரி மயிர் மங்கி, பழைய குடும்பத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பான். தன் குட்டிகளுக்கு ஆபத்து என்றால் குறுக்கே விழுவான். புது ஆணிடம் போன அந்த மூன்று பெண்களில் இன்னும் யாருக்காவது கைக்குட்டி இருந்தால், அதற்கு உங்கள் பூங்காவிலேயே மிகப் பெரிய காவல் உடைந்த பல்லோடு இருக்கும் இந்தக் கிழவன்தான். அவனை எடுக்காதீர்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், புண்ணில் புழு வைத்தால், இரண்டு காலையும் ஊன்ற முடியாவிட்டால் மட்டும் எடுங்கள். அப்போதும் அவனுடைய பெண் ஒருத்தியையும் கூடவே எடுத்து, முடிந்தால் அன்றைக்கே திருப்பி விட வேண்டும். வெட்டுக்காயத்துக்கெல்லாம் மயக்க ஊசி போட்டு வெளியே எடுத்து ஒரு வாரம் வைத்திருந்த தப்பை நான் இளம் வயதில் செய்திருக்கிறேன். காயம் அழகாக ஆறியது. திரும்ப விட்டபோது அவனுடைய இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் மேனேஜர் இணையத்தில் தேடுகிறவர் என்றால் ஒரு கென்யக் கதையை எடுத்துக்கொண்டு வருவார், தயாராக இருங்கள். ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆலிவ் பபூன் கூட்டத்தில் 1980-களின் நடுவில், சுற்றுலா விடுதிக் குப்பையில் இருந்த கெட்ட இறைச்சியால் காசநோய் பரவியது. குப்பைக்குப் போட்டி போட்ட முரட்டு ஆண்கள் செத்தார்கள், சாதுவானவர்கள் மிஞ்சினார்கள், கூட்டம் அமைதியானது. வருடங்கள் கழித்துப் புதிதாக வந்து சேர்ந்த ஆண்களும் அந்த அமைதியைக் கற்றுக்கொண்டார்கள். உண்மைதான், அருமையான ஆய்வு. ஆனால் அது பெண்கள் தாங்கி நிற்கும் கூட்டம், வெளியிலிருந்து ஆண்கள் வந்து போகும் கூட்டம். முரடனை எடுத்தால் அமைதி வரும் என்ற பாடத்தை அங்கிருந்து எடுத்து ஹமத்ரியாஸ் கூண்டில் ஒட்டினால் ஒட்டாது.

மூத்த கீப்பர் சொல்லும் "இயற்கை அதுபாட்டுக்கு" என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டில் தோற்றவன் நூறு அடி தள்ளிப்போய் உட்காரலாம். உங்கள் அடைப்பில் சுவர் வந்துவிடும். கதவு எங்கே, உணவு எங்கே, யார் எங்கே படுப்பது என்பதையெல்லாம் நாம் தீர்மானித்துவிட்டு இயற்கை என்று கையைக் கழுவ முடியாது. எனவே அடைப்பை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முட்டுச்சந்து மாதிரி ஒரு வழியே உள்ள மூலை எத்தனை? துரத்தப்படும் பெண் நிற்காமல் சுற்றி ஓட வழி உண்டா? ஒரு தலைவனின் பார்வையிலிருந்து இன்னொருவன் குடும்பம் மறையும்படி நடுவே ஒரு பாறையோ பலகைத் தடுப்போ உண்டா? இரவுக் கூண்டுக்கு ஒரே கதவு என்றால் அதுதான் உங்கள் சண்டைக் களம். மாலை நாலு மணிக்கு இடி மின்னலோடு மழை கொட்டும்போது 23 பேரும் அந்த ஒரே கதவுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கதவு வெட்டுங்கள். அது முடியும்வரை மழைக்கு ஒதுங்க வெளியிலேயே நாலு இடத்தில் தகரக் கூரை போடுங்கள். படுக்கும் மேடை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக, உயரத்தில். பாறை விளிம்பில் படுத்துப் பழகிய இனம் அது. உணவை ஒரு தொட்டியில் கொட்டாமல் பரப்புங்கள். பயற்றங்காய், கங்கோங் கீரை, மரவள்ளி, சோளம் எல்லாம் சின்னச் சின்னதாக நறுக்கி, புல்லுக்குள் வீசி, ஒரு நாளைக்கு நாலைந்து முறை. பழத்தைக் குறையுங்கள். ஒரு பெரிய பப்பாளி ஒரு சண்டை. அதே பப்பாளி நாற்பது துண்டானால் சண்டை இல்லை.

இனப்பெருக்கத்துக்கு வருகிறேன். மேனேஜருக்கு இருக்கும் பயம் நியாயமான பயம். நீங்களே கணக்குப் போடுங்கள். 9 பெண்கள். நல்ல தீனி கிடைக்கும் கூண்டில் ஒன்றரை வருடத்துக்கு ஒரு ஈற்று என்று வைத்தால் வருடத்துக்கு 6 குட்டிகள். பாதி ஆண் என்றால் ஐந்து வருடத்தில் 15 ஆண்கள், ஒவ்வொருவனும் சொந்தக் குடும்பம் தேடுவான். ஹமத்ரியாஸ் அழிந்துகொண்டிருக்கும் இனமும் இல்லை. உலகப் பட்டியலில் அது கவலை குறைந்த வகை. எனவே எல்லாவற்றையும் பெற்றுப்போட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. தப்பு எங்கே என்றால், "எல்லாருக்கும்" என்ற சொல்லில்.

அவர் சொல்லும் ஊசி அனேகமாக டெப்போ-புரோவெரா. நம் பெண்களுக்கு கிளினிக்கில் போடுவதுதான். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை 9 பேருக்கும் போட வேண்டும், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டமே கலவரப்பட வேண்டும். எடையும் கூடும். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லொரெலின் இம்ப்ளாண்ட் உண்டு, நாய்களுக்காகச் செய்தது, ஆறு மாத, ஓராண்டு அளவுகளில் வருகிறது. அதில் ஒரு சூட்சுமம்: முதல் சில வாரங்களில் அது எதிர்மாறாக வேலை செய்யும், அடங்குவதற்கு முன் தூண்டிவிடும். அந்த வாரங்களுக்குத் துணையாக வேறு ஹார்மோன் கொடுக்காவிட்டால் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பின்புறம் சிவந்து வீங்கி நிற்பார்கள். பறிப்பு நடந்த சூடு ஆறாத கூண்டில் அது எண்ணெய் ஊற்றுவது. மனிதர் சாப்பிடும் மாத்திரையை வாழைப்பழத்தில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வையுங்கள், ஒவ்வொரு நாளும் அதைத் தின்பது தலைவனாகத்தான் இருக்கும்.

காயடிப்பதை மறந்துவிடுங்கள். அவனுடைய பிடரி மயிரும் அதிகாரமும் போய்விடும், பிறகு அவனைத் தலைவன் என்று யார் மதிப்பார்கள்? விந்துக்குழாயை மட்டும் கட்டும் வாசெக்டமி வேறு. ஹார்மோன் அப்படியே இருக்கும், அவனும் அப்படியே இருப்பான், குட்டி மட்டும் வராது. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண் என்ற அமைப்புக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, பல பேர் இதைச் சொல்வதில்லை. காட்டில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பெரும்பாலான பெண்கள் சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருப்பார்கள், வீக்கம் இருக்காது. எல்லா ஆண்களுக்கும் வாசெக்டமி செய்துவிட்டால் ஒன்பது பெண்களும் மாதாமாதம் பருவத்துக்கு வருவார்கள், மற்ற ஆண்களின் கண் சும்மா இருக்காது. குட்டியே இல்லாத கூட்டத்தில் இளசுகளுக்குத் தூக்கி விளையாட ஆளில்லை, பெண்களுக்கு ஒருத்தர் குட்டியை ஒருத்தர் தொட்டுப் பார்க்கும் சாக்கில் நடக்கும் சமாதானமும் இல்லை. நான் பார்த்த மிகச் சோர்ந்த பபூன் கூட்டம், சண்டையே இல்லாத, குட்டியும் இல்லாத ஒரு கூட்டம்தான்.

ஆகவே கலந்து செய்யுங்கள். நீங்கள் எழுதியதை வைத்து நான் செய்வது இது. கிழவனைத் தொட மாட்டேன், 19 வயதில் மயக்க மருந்தே அவனுக்கு ஆபத்து. மூன்று பெண்களோடு அமைதியாக இருக்கும் மூன்றாவது தலைவனுக்கு வாசெக்டமி. அவன் குடும்பம் உறுதியாக இருக்கிறது, ஒரு நாள் இல்லாவிட்டாலும் தாங்கும். காலையில் எடுத்து, முடிந்ததும் அவன் பெண்களைப் பக்கத்திலேயே வைத்து எழுப்பி, இருட்டுமுன் திருப்பி விடுங்கள். இன்னும் பெண் இல்லாத நான்காவது ஆணுக்கும் அதே வாரத்தில். திருட்டுத்தனமாகக் கூடுகிறவன் அவன்தான். இருவருக்கும் இரண்டு மாதமாவது பழைய சரக்கு மிச்சமிருக்கும், அதன் பிறகுதான் பலன். 9 வயதுக்காரனின் புதுக் குடும்பத்தை மூன்று மாதத்துக்கு யாரும் தொட வேண்டாம். ஆனால் அவன் யார் மகன் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா? கூண்டிலேயே பிறந்தவன் என்றால் அந்த மூன்று பெண்களில் ஒருத்தி அவனுடைய தாயாகவோ தமக்கையாகவோ இருக்கலாம். சாணத்திலிருந்தோ வேரோடு உதிர்ந்த மயிரிலிருந்தோ மரபணுப் பரிசோதனை செய்யலாம், மயக்கம் தேவையில்லை. நெருங்கிய ரத்தம் என்று தெரிந்தால் அந்த ஒருத்திக்கு மட்டும் இம்ப்ளாண்ட். முடிவு வருவதற்குள் ஒரு குட்டி உருவாகிவிட்டால் உருவாகட்டும், அதற்காகப் புதுக் குடும்பத்தை உடைக்காதீர்கள். எப்படியும் சினைக்காலம் ஆறு மாதம். இன்றைக்கு என்ன செய்தாலும் அடுத்த ஆறு மாதத்துக்கு வரவேண்டிய குட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும், மேனேஜர் கருத்தடை பலிக்கவில்லை என்று உங்கள் மேல் பாய வேண்டாம்.

கூட்டத்தைக் குறைக்க வேறு இடத்துக்கு அனுப்புவது என்றால் பூங்காக்கள் வழக்கமாக இளம் ஆண் ஒருவனைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடும். தனியாகப் போனவன் அங்கே அன்னியன். அண்ணன் தம்பிகளைச் சேர்த்து அனுப்பினால் ஆண்கள் மட்டும் உள்ள கூட்டமாகவாவது பிழைப்பார்கள். எதை நகர்த்துவதானாலும் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்கு இலாகாவின் அனுமதி வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் விலங்குக் காட்சிசாலைகளுக்காக 2012-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். கீப்பர் கேட்டால் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஜெர்மனிக் கதையைக் கேட்டீர்கள். 2025 ஜூலை 29-ல் நியூரம்பெர்க் விலங்குக் காட்சிசாலையில் 12 கினி பபூன்களைக் கொன்றார்கள். 25 விலங்குகளுக்காகக் கட்டிய அடைப்பில் 40-க்கு மேல் ஆகிவிட்டிருந்தன. 2024 தொடக்கத்திலேயே இப்படி ஆகலாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். கருத்தடை செய்து பார்த்தும் எதிர்பார்த்த பலன் இல்லை, எடுத்துக்கொள்ள ஏற்ற இடமும் அமையவில்லை என்பது அவர்கள் விளக்கம். மக்கள் கொதித்தார்கள், சிலர் வேலி தாண்டி உள்ளே போனார்கள். உங்களுக்குத் தெரியட்டும், நான் அந்த ஊரைத் திட்டவில்லை. நெரிசலில் கடிபட்டு மெல்லச் சாவதைவிட அது மோசம் என்று என்னால் சொல்ல முடியாது. அதைச் செய்த மருத்துவர் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் இருபத்தைந்து இருபத்தாறாக ஆகும் நாளில் ஓர் ஆளாவது பேனாவோடு உட்கார்ந்து, அடுத்தது பிறந்தால் எங்கே போகும் என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் அடைப்பு எத்தனை பேருக்குக் கட்டியது? கடிதத்தில் அது இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நாளைக்குக் காலையில் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

மேனேஜரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம், இரண்டு வாரம். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள், யார் யார் பக்கத்தில் படுக்கிறார்கள், எத்தனை பிடரிக் கடி, யாருக்கு வீக்கம். நான்கு ஆண்களுக்கும் நான்கு வட்டம் வரைந்து பெண்களை உள்ளே எழுதுங்கள். கோட்டின் மேல் நிற்கிற பெண் யார் என்று பதினான்காவது நாள் தானாகத் தெரியும். அடுத்த பறிப்பு அவளிடம்தான். கோபப்படாமல் அந்தத் தாளை மேசையில் வையுங்கள். "பாஸ், இவனை எடுத்தா இந்த மூணு பேரு எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள். இருமல் இருந்தால் கூண்டுப் பக்கம் போகாதீர்கள், வருடம் ஒருமுறை நீங்களும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம்மிடமிருந்து அவைகளுக்கும் அவைகளிடமிருந்து நமக்கும் பரவும். 9 வயதுக்காரன் உங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைக்காதீர்கள், பல்லைக் காட்டுகிறான். நீங்களும் பல் தெரியச் சிரித்து வைக்காதீர்கள். பின்புறம் ஏன் சிவந்திருக்கிறது, நோயா என்று குழந்தைகள் கேட்டால் தாய்மார்கள் பதறிக் கையைப் பிடித்து இழுத்துப் போவார்களே, அவர்களிடம், "அது நோயில்லை, கல்யாண வயசுன்னு ஊருக்குச் சொல்ற பலகை" என்று சொல்லுங்கள். இருபது வருடம் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்ததில்லை.

குட்டியை இழந்த அந்தத் தாய் எந்த ஆணின் பக்கத்தில் படுக்கிறாள் என்று எழுத மறந்துவிட்டீர்கள். இன்றைக்கு இரவு பார்த்து எழுதுங்கள். அவள் இன்னும் கிழவன் இருக்கும் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், கூட்டம் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம், வாசெக்டமித் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்வேன்.

– ஓய்வுபெற்ற விலங்கு மருத்துவர், பினாங்கு